கல்லீரல் நோயும் ரத்தத்தின் ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளில் பல எண்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கும். ஹீமோகுளோபின் குறைவு, தட்டணு குறைவு, அல்புமின் என்ற புரதம் குறைவு, உறைதல் சோதனையான ஐஎன்ஆர் கூடுதல். இவை அத்தனையையும் சேர்த்து "ரத்தம் நீர்த்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரிக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன: ரத்தத்தில் அணுக்கள் எவ்வளவு, அது எவ்வளவு எளிதாக ஓடுகிறது, எவ்வளவு விரைவில் உறைகிறது. இங்கே பேசப்போவது முக்கியமாக இரண்டாவதைப் பற்றி. மற்ற இரண்டும் அவ்வப்போது குறுக்கே வரும்.

கல்லீரல் கெட்டால் ரத்தம் நீர்த்துப்போகுமா, கெட்டியாகுமா?

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் முற்றியவர்களின் ரத்தத்தைக் கருவியில் அளந்தால், பாகுத்தன்மை பெரும்பாலும் இயல்பைவிடக் குறைவாகவே இருக்கும். பாகுத்தன்மை என்பது ஒரு திரவம் ஓடும்போது தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்பு. அது குறைந்தால் ஓட்டம் எளிதாக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்ப முடியாது. சிவப்பணுக்கள் குறைந்ததால் மொத்த ரத்தம் இளகியிருக்கிறது. அதே சமயம் மிஞ்சியிருக்கும் அணுக்கள் வளையும் தன்மையை இழந்து விறைக்கின்றன, பிளாஸ்மாவின், அதாவது அணுக்கள் மிதக்கும் நீர்ப்பகுதியின், புரதச் சேர்க்கையும் மாறுகிறது. பெரிய குழாய்களில் ஓட்டம் எளிது, நுண்குழாய்களில் நெருக்கடி. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே வேளையில் நடக்கின்றன. கருவி காட்டும் "குறைவு" இரண்டாவது பாதியை மறைத்துவிடுகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தை எழுதக் காரணம்.

ரத்தம் எளிதாக ஓடுவது எதையெல்லாம் பொறுத்தது?

நான்கைச் சொல்லலாம். சிவப்பணுக்களின் பங்கு, பிளாஸ்மாவின் பாகுத்தன்மை, அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் போக்கு, ஒவ்வோர் அணுவும் வளைந்து கொடுக்கும் திறன்.

இவற்றில் முதலாவதற்கே பெரும்பங்கு. ஆய்வகத் தாளில் பிசிவி அல்லது ஹீமாட்டோகிரிட் என்று வரும் எண் அதுதான். ரத்தத்தின் கன அளவில் எத்தனை சதவீதம் சிவப்பணுக்கள் என்று அது சொல்கிறது. ஆண்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 50, பெண்களுக்கு 36 முதல் 46. இதில் ஒரு புள்ளி கூடினால் பாகுத்தன்மை 4 சதவீதம் வரை கூடலாம். உடல் வெப்பநிலையில் பிளாஸ்மாவின் பாகுத்தன்மை 1.2 மில்லிபாஸ்கல் செகண்ட் (பாகுத்தன்மையின் அலகு) அளவில் இருக்கும். முழு ரத்தம் வேகமாக ஓடும்போது 3 முதல் 4 வரை வரும். ஓட்டம் மெதுவானால் அதே ரத்தத்தின் பாகுத்தன்மை பல மடங்கு உயர்கிறது. தண்ணீரிடம் இந்தக் குணம் கிடையாது. மந்தமான ஓட்டத்தில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். வேகம் கூடினால் அடுக்கு கலைந்துவிடும்.

நுண்குழாய்களில் இன்னொரு விசித்திரம். 0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் ரத்தத்தின் பாகுத்தன்மை குறைகிறது என்று 1931-இல் ஃபாரேயஸ், லிண்ட்க்விஸ்ட் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அணுக்கள் நடுவில் ஒதுங்கி, ஓரத்தில் பிளாஸ்மா வழவழப்பாக நகர்வதால் கிடைக்கும் சலுகை அது. அணுக்கள் வளைந்து கொடுக்கும்வரைதான் அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கும்.

கல்லீரல் நோயில் சிவப்பணுக்கள் ஏன் குறைகின்றன?

ஒரே காரணம் இல்லை. கல்லீரலுக்குள் ரத்தம் புக முடியாமல் பின்னால் தேங்க, மண்ணீரல் வீங்கி அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, சிலவற்றை முன்கூட்டியே அழித்தும் விடுகிறது. உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் புடைத்த சிரைகளிலிருந்து ரத்தம் கசியலாம், சில நேரம் கொட்டலாம். மது அருந்துபவர்களுக்கு எலும்பு மஜ்ஜை நேரடியாகப் பாதிக்கப்படும், ஃபோலேட் என்ற வைட்டமின் பற்றாக்குறையும் சேரும்.

இவற்றோடு பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைப்பதால் பிளாஸ்மாவின் அளவே பெருகிவிடுகிறது. அணுக்களின் மொத்த எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாவிட்டாலும், கூடிய நீரில் அவை பரந்து விகிதம் தாழ்ந்து தெரியும். ஹீமோகுளோபின் 9 என்று வந்ததும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேடி ஓடுவதற்குமுன், காரணம் எது என்று மருத்துவர் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். இரும்பு குறையாதவருக்கு இரும்பு கொடுப்பதால் பயனில்லை; கல்லீரலில் ஏற்கெனவே இரும்பு படிந்திருந்தால் கெடுதலும் உண்டு.

அணுவின் வடிவம் மாறுகிறது என்கிறார்களே, எப்படி?

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் சுவையாகப் படும் பகுதி இது.

சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, தன் சவ்வைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் வசதியும் இல்லை. ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அவ்வளவு காலமும் அதன் சவ்விலுள்ள கொழுப்பு, சுற்றியுள்ள பிளாஸ்மாவின் கொழுப்போடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பிளாஸ்மாக் கொழுப்பைச் சீராக வைப்பதில் எல்கேட் என்ற நொதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை உண்டாக்குவது கல்லீரல். கல்லீரல் நலிந்தால் எல்கேட் குறைகிறது, பிளாஸ்மாவில் கட்டுறாத (கொழுப்பு அமிலத்தோடு இணையாத) கொலஸ்ட்ரால் பெருகுகிறது, அது சிவப்பணுவின் சவ்வில் போய் ஏறுகிறது.

அதன்பின் இரண்டு விதமாக நடக்கலாம். கொலஸ்ட்ராலும் பாஸ்போலிப்பிடு என்ற இன்னொரு சவ்வுக் கொழுப்பும் சேர்ந்தே ஏறினால், உள்ளிருக்கும் சரக்கைவிடச் சவ்வு பெரிதாகி, நடுவில் கறுத்த பொட்டு வைத்த வட்டம்போல் நுண்ணோக்கியில் தெரியும். இலக்கு அணு என்பார்கள். இது அவ்வளவாகத் தொல்லை தராது, ஆயுளும் பெரிதாகக் குறையாது.

கொலஸ்ட்ரால் மட்டும் விகிதம் மீறி ஏறினால்தான் சிக்கல். சவ்வு விறைத்து, ஒழுங்கற்ற முட்கள் முளைக்கின்றன. முள் அணு. மண்ணீரலில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே அகலமுள்ள இடுக்குகள் வழியாக ஒவ்வொரு சிவப்பணுவும் நுழைந்து வெளிவர வேண்டும். எட்டு மைக்ரான் விட்டமுள்ள அணு நன்றாக மடங்கினால்தான் இது நடக்கும். விறைத்த அணு அங்கே மாட்டிக்கொள்ளும். சவ்வின் ஒரு பகுதியை இழந்து இன்னும் விறைத்து வெளியே வரும், அல்லது அங்கேயே அழியும். முள் அணுக்கள் மிகுந்து ரத்தசோகையும் சேர்ந்தால், அது பெரும்பாலும் மிக முற்றிய நோயின், குறிப்பாக மதுவினால் வந்த சுருக்கத்தின், அடையாளம். ஸ்மியர் அறிக்கையில், அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கையில், அந்தச் சொல் வந்திருந்தால் மருத்துவர் முகம் மாறுவது அதனால்தான்.

முள் முளைக்காவிட்டாலும், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் சராசரியாகவே குறைவாக வளைகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 5 மைக்ரான் அகல நுண்குழாயில் நுழைய வேண்டிய அணுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிளாஸ்மாவுக்கு என்ன ஆகிறது?

அதன் புரதங்களில் அல்புமின் இறங்கும், குளோபுலின் ஏறும். அல்புமினைக் கல்லீரல் தயாரிக்கிறது. குளோபுலின்களில் எதிர்ப்பொருள் வகையைத் தயாரிப்பவை நோயெதிர்ப்பு அணுக்கள். நலிந்த கல்லீரல் குடலிலிருந்து வரும் கிருமிப் பொருள்களை வடிகட்டத் தவறுவதால் அந்த அணுக்கள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. அளவில் பெரிய குளோபுலின்கள் பாகுத்தன்மையைக் கூட்டவும் சிவப்பணுக்களை ஒட்டவைக்கவும் உதவும். அல்புமின் அந்த ஒட்டுதலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். ஆக, தராசு ஒட்டும் பக்கம் சாய்கிறது.

அப்படியே விட்டிருந்தால் கதை நேராக இருந்திருக்கும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் குறுக்கே வருகிறது. சிவப்பணுக்களை ஒட்டவைப்பதில் முதலிடம் அதற்குத்தான். அதையும் கல்லீரலே செய்கிறது. நோயின் தொடக்கத்தில் அழற்சி இருப்பதால் ஃபைப்ரினோஜன் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். முற்றிய நிலையில் உற்பத்தி சரிந்து அது இறங்கும். எனவே "கல்லீரல் நோயில் அணுக்கள் அதிகம் ஒட்டுமா?" என்ற கேள்விக்கு, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்று பார்க்கும் இஎஸ்ஆர் சோதனையும் இந்த ஒட்டுதலைத்தான் மறைமுகமாக அளக்கிறது. அதனால் கல்லீரல் நோயில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அழற்சி உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அபாயம். குளோபுலினும் ரத்தசோகையும் அதை மேலே தள்ளும், ஃபைப்ரினோஜன் குறைவு கீழே இழுக்கும்.

எல்லாக் கல்லீரல் நோய்களிலும் இது ஒரே மாதிரிதானா?

இல்லை. கொழுப்புக் கல்லீரலின் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் நேர்மாறு: உடல் பருமன், சர்க்கரை நோய், கூடுதல் டிரைகிளிசரைடு, கூடுதல் ஃபைப்ரினோஜன் எல்லாம் சேர்ந்து பாகுத்தன்மையைச் சற்று உயர்த்தி வைத்திருக்கும். அதே மனிதருக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சுருக்கம் வந்தால் எண் மறுபக்கம் இறங்கும்.

பித்தம் தேங்கும் நோய்களில் லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற விபரீதக் கொழுப்புத் துகள் ரத்தத்தில் பெருகலாம். கொலஸ்ட்ரால் எண் ஆயிரத்தைத் தாண்டிப் போவதும், அரிதாக ரத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்குக் கெட்டியாவதும் உண்டு. அந்த நிலையில் சில கருவிகள் சோடியத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஹெபடைடிஸ் சி-யில் குளிர்ச்சியில் படியும் புரதங்கள் தோன்றி, கால்களில் ஊதாப் புள்ளிகள் வரலாம். வில்சன் நோயில் தாமிரம் சிவப்பணுக்களை நேரடியாக உடைக்கும்.

இன்னொன்று. சுருக்கம் உள்ளவருக்குத் தாழ்ந்திருக்க வேண்டிய ஹீமாட்டோகிரிட் காரணமின்றி ஏறினால் மகிழ வேண்டாம். கல்லீரல் புற்றுக்கட்டிகளில் சில எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டிய சூழல் அது.

ஐஎன்ஆர் அதிகமாக இருக்கிறது. அப்படியானால் ரத்தக்கட்டி வராதுதானே?

வரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஐஎன்ஆர் பாகுத்தன்மையை அளப்பதில்லை. உறைதலையும் முழுதாக அளப்பதில்லை. உறைய வைக்கும் சில காரணிகள் குறைந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் கல்லீரல்தான் செய்கிறது, அவையும் குறைந்திருக்கும். ஐஎன்ஆர் அந்தக் குறைவைப் பார்க்காது. போதாக்குறைக்கு, உறைய வைக்கும் காரணி எட்டும் வான் வில்லிபிராண்ட் காரணியும் கல்லீரல் நோயில் ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் எடை குறைந்து ஒரு புதிய, நிலையற்ற சமநிலை உண்டாகிறது. தொற்றோ சிறுநீரகக் கோளாறோ அந்தச் சமநிலையை எந்தப் பக்கமும் கவிழ்க்கலாம்.

உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் 2-ம், கல்லீரல் நோயாளியின் ஐஎன்ஆர் 2-ம் ஒன்றல்ல. முன்னவருக்கு மருந்தின் பாதுகாப்பு இருக்கிறது, பின்னவருக்கு அது இல்லை.

ரத்தக்கட்டி வந்தால் எங்கே வரும்?

அதிகம் வருவது வாயிற்சிரையில், அதாவது குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையில். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதன் வழியே வருகிறது. தழும்பேறிய கல்லீரல் எதிர்ப்பைக் கூட்டுவதால் இங்கே ஓட்டம் மந்தமாகிறது. டாப்ளர் ஸ்கேனில் வேகம் செகண்டுக்கு 15 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் கட்டி உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. மந்தமான ஓட்டத்தில்தான் பாகுத்தன்மை கூடும், அணுக்கள் அடுக்கடுக்காகச் சேரும் என்று மேலே பார்த்தோம். ஆய்வகத்தில் இளகிய ரத்தம் என்று அளக்கப்பட்ட அதே ரத்தம் இந்த இடத்தில் அப்படி நடந்துகொள்வதில்லை. கட்டி உறுதியானால், ஐஎன்ஆர் கூடியிருந்தாலும், சிரைப்புடைப்புகளைக் கவனித்துவிட்டு உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பதுண்டு.

பாகுத்தன்மை குறைந்தால் இதயத்துக்கு வேலை மிச்சம்தானே?

முதல் பார்வைக்கு அப்படித்தான். நடப்பது வேறு. சுருக்கத்தில் நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றால் வயிற்றுப் பகுதியின் தமனிகள் விரிந்துவிடுகின்றன. குழாயின் எதிர்ப்பு பாகுத்தன்மைக்கு நேர்விகிதத்திலும் ஆரத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறும். பாகுத்தன்மை பாதியானால் எதிர்ப்பு பாதியாகும். ஆரம் வெறும் 19 சதவீதம் கூடினாலே அதே பலன். ஆகவே எதிர்ப்பு விழுவதற்கு முதல் காரணம் குழாய் விரிவு, இளகிய ரத்தம் அதற்குத் துணை.

எதிர்ப்பு விழுந்தால் ரத்த அழுத்தம் விழும். அதை ஈடுகட்ட இதயம் அதிகமாக இறைக்க வேண்டும். வெதுவெதுப்பான உள்ளங்கை, துள்ளும் நாடி, தாழ்ந்த ரத்த அழுத்தம் என்று இது வெளியே தெரியும். சிறுநீரகமோ உடம்பில் ரத்தமே போதவில்லை என்று எண்ணி உப்பைப் பிடித்து வைக்கும். வயிற்றில் நீர் கோப்பதும், பிளாஸ்மா பெருகுவதும், ஹீமாட்டோகிரிட் மேலும் தாழ்வதும் அங்கிருந்து தொடங்குகின்றன.

ரத்தம் ஏற்றினால் எல்லாம் சரியாகாதா?

அளவுக்கு மேல் ஏற்றினால் கெடுதல். மேல் குடற்பாதையில் ரத்தக்கசிவு வந்த 921 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குப்பின் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனதும் ஏற்றப்பட்டவர்களில் 91 சதவீதம். தாராளமாக ஏற்றிய பிரிவில் மறுகசிவும் அதிகம், வாயிற்சிரை அழுத்தமும் உயர்ந்தது. ரத்தத்தின் அளவும் அடர்த்தியும் ஒருசேரக் கூடும்போது ஏற்கெனவே புடைத்த சிரைகளின்மேல் சுமை ஏறுகிறது. சிரைக்கசிவில் இன்று பொதுவாக வைக்கப்படும் இலக்கு 7 முதல் 8. உறவினருக்கு "ஒரு பாட்டில் கூட ஏற்றலாமே" என்று தோன்றுவது இயல்பு, ஆனால் மருத்துவர் நிறுத்துவதில் கஞ்சத்தனம் ஏதுமில்லை.

பாகுத்தன்மையை அளக்கச் சோதனை எழுதித் தரச் சொல்லலாமா?

தேவையில்லை. விஸ்காமீட்டர் என்ற கருவியில் 37 டிகிரியில், பல வேகங்களில், ரத்தம் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட வேலை. வழக்கமான ரத்த எண்ணிக்கை, ஸ்மியர், புரதம், ஃபைப்ரினோஜன், டாப்ளர் ஆகியவை சிகிச்சைக்கு வேண்டியதைச் சொல்லிவிடும்.

கெட்டியான ரத்தம் கல்லீரலைக் கெடுக்குமா?

கெடுக்கும். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகள் அடைபடுவது பட்-கியாரி நோய். ஜார்ஜ் பட் 1845-இலும் ஹான்ஸ் கியாரி 1899-இலும் விவரித்தது. இந்த நோய் வந்தவர்களில் கணிசமானோருக்கு எலும்பு மஜ்ஜை மிகையாக அணு உற்பத்தி செய்யும் நோய் மறைந்திருக்கும். ஜேஏகே2 மரபணு மாற்றத்தைத் தேடுவது அதற்காக. வாயிற்சிரை அழுத்தத்தால் மண்ணீரல் வீங்கி எண்ணிக்கையை இயல்புபோலக் காட்டும் என்பதால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

நிறையத் தண்ணீர் குடித்தால் ஓட்டம் சீராகுமா? ஆஸ்பிரின்?

இரண்டும் தானாகச் செய்ய வேண்டாம். வயிற்றில் நீர் கோத்து, சோடியம் 125-க்குக் கீழே இறங்கியவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கத்தான் சொல்வார்கள். ஆஸ்பிரின் பாகுத்தன்மையை மாற்றுவதில்லை, தட்டணுக்களை முடக்குகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

அணுக்களை வளைய வைக்கும் மருந்து இல்லையா?

பென்டாக்ஸிஃபிலின் உண்டு. சிவப்பணுவின் வளையும் திறனைக் கூட்டும் என்பதால் கால் ரத்தநாள நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்து. கடுமையான மதுசார் ஹெபடைடிஸில் இதைச் சோதித்தார்கள், ஆனால் அழற்சியைத் தணிக்கும் என்ற வேறொரு எதிர்பார்ப்பில். 2000-இல் வெளிவந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் உயிர் காப்பதில் பலன் தெரியவில்லை. ரத்தத்தின் ஓட்டத்தன்மையை மட்டும் குறிவைத்துத் திருத்தி, கல்லீரல் நோயின் போக்கை மாற்றிய மருந்து இன்றுவரை இல்லை.

இந்த மாற்றங்கள் திரும்புமா?

பல திரும்பும். மதுவை நிறுத்தினால், அதனால் வீங்கியிருந்த சிவப்பணுக்களின் அளவு இரண்டு முதல் நான்கு மாதங்களில் இயல்புக்கு வருவது வழக்கம். பழைய அணுக்கள் ஆயுள் முடிந்து புதியவை வர ஆகும் காலம் அது. ஹெபடைடிஸ் பி, சி-க்கு வைரஸைக் கட்டுப்படுத்தினால் குளோபுலின் மெல்ல இறங்கும். முள் அணு ரத்தசோகைக்கு மாற்றுக் கல்லீரலே உறுதியான தீர்வு. பொருத்தியபின் எல்கேட் மீண்டும் சுரக்க, பிளாஸ்மாவின் கொழுப்பு சீராகி, முட்கள் அடுத்த சில வாரங்களில் ஸ்மியரிலிருந்து மறையத் தொடங்கும்.